தண்ணி தாங்குற தரை

அந்தப் பலகையைக் கீழ வைங்க சார். கையில எடுத்துத் தடவாதீங்க. தடவுனா வழுவழுன்னுதான் இருக்கும். ஆளைக் கவுக்கறதுக்குன்னே செஞ்ச சாமான். மரம்னு நெனச்சீங்களா? மரமில்லீங்க. மரத்தூளைப் பசை போட்டு அமுக்கி, மேல மரமாட்டப் படம் ஒட்டியிருக்கறாங்க. லேமினேட்டாம். பேரு மட்டும் நல்லா வெச்சுப்போடறாங்க.

உக்காருங்க. உங்க வீட்டம்மா மாடிக்கு டைல்ஸ் பாக்கப் போயிருக்கறாங்களா? அப்ப இன்னைக்கு இறங்க மாட்டாங்க. நானும் இங்கதான் உக்காந்திருக்கோணும். அந்த டை கட்டுன சேல்ஸ்மேன் குடோனுக்குப் போன் போட்டுக் கேக்கறேன்னு உள்ள போயிருக்கறாரு. நான் கேட்ட டிசைன் இருக்குதான்னு பாக்கறதுக்கு. இருக்குதுன்னா நான் சரின்னு சொல்லோணும். சொன்னா எம் பையன் வீட்டுக்குத் திரும்பி வருவான். சொல்லலைன்னா வர மாட்டான். "அதே தரையைப் போடுங்கப்பா, நாங்க வந்துர்றோம். வேற எதைப் போட்டாலும் நாங்க இல்லை"ன்னு போன்ல சொல்லிப்போட்டான். எனக்கு. பெத்த அப்பனுக்கு.

என்னங்க சிரிக்கறீங்க? இல்லையா? சரி, விடுங்க. சிரிச்ச மாதிரி இருந்துச்சு.

எம்பேரு நாச்சிமுத்து. நூல் மில்லுல சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவன். நான் ஷெட்டுக்குள்ள காலை வெச்சா மிஷின் சத்தத்தைத் தவிர வேற சத்தம் கேக்காது. அப்படி இருந்தவன் இன்னைக்கு ஏசி போட்ட கடையில, பலகைக்காகக் காத்துக் கெடக்கறேன். சரவணம்பட்டியில வீடு. எம்பட வீடு, எம்பட பேருல பட்டா. அதை மறந்துராதீங்க. ஏன்னா இந்தக் கதையில எல்லாருமே அதை மறந்துபோட்டாங்க.

வீடு கட்டறப்ப செவுரு எழுப்பற வரைக்கும் ஒரு சண்டையும் இல்லீங்க. தரைக்கு வந்தப்பத்தான் புடிச்சுது சனி. நான் கருப்புக் கிரானைட்டுன்னு சொன்னேன். ஒரு தடவை போட்டா பேரன் காலத்துக்கும் கெடக்கும். வெள்ளிக்கிழமையானா நாலு குடம் தண்ணியை ஊத்தித் தள்ளிவிட்டா வீடு கோயிலாட்டம் ஆயிரும். பையன் பூபதி, "டைல்ஸ் போடலாங்கப்பா"ன்னான். பரவால்லை, அதாவது தண்ணி தாங்கும். மருமக பிருந்தா மட்டும் ஒண்ணும் சொல்லலை. சொல்லாதவங்களைத்தான் சார் பயந்துக்கோணும். அடுத்த ஞாயித்துக்கிழமை அவங்கப்பா ஈரோட்டுல இருந்து வந்து இறங்குறாரு, கையில ஒரு பை நெறையா மரத்துண்டு.

சம்மந்தி அர்த்தநாரி. ஈரோட்டுல பிளைவுட் கடை. ஆளு ஒல்லியா, மெதுவாப் பேசுவாரு. அந்த மெதுவாப் பேசறவங்ககிட்ட எனக்கு என்னைக்குமே ஒத்துவராதுங்க. கத்தறவன்கிட்ட நாமளும் கத்தலாம். மெதுவாப் பேசறவன்கிட்ட என்ன பண்றது? "சம்மந்தி, தரை என்னோட சீரா இருக்கட்டுங்க"ன்னாரு. ஹாலுக்கும் ரெண்டு ரூமுக்கும், சமையக்கட்டுக்கும். பார்க்கெட்டுன்னு ஒண்ணைக் காட்டுனாரு. அது நெசமான மரம், சின்னச் சின்னக் கட்டையாக் கோத்துப் பதிக்கறது. சரி, சீர்னா அதையாவது குடுப்பாருன்னு பாத்தா, உடனே அவரே, "இது வேண்டாங்க சம்மந்தி. நம்மூரு வெயிலுக்குச் சுருங்கும், மழைக்கு விரியும், அப்பப்ப இழைச்சு பாலீஷ் போடோணும். உங்களுக்கு எதுக்கு அந்தத் தொந்தரவு? லேமினேட் போதும்"ங்கறாரு. பாத்தீங்களா? பொண்ணுக்கு நெசமான மரத்தைக் குடுக்க மனசில்லை. அதுக்கு நான் தொந்தரவுப்படுவேன்னு ஒரு சாக்கு.

நான் முடியாதுன்னு சொல்றதுக்கு வாயைத் தொறக்கறேன். அதுக்குள்ள அந்தாளு சொல்றாரு: "எல்லாத்துக்கும் மேல, சம்மந்தியம்மாவுக்குக் கால் குளுந்து போகாதுங்க."

எனக்குப் புரியலை. என்ன கால்? யார் காலு?

அப்ப நாங்க வாடகை வீட்டுல இருந்தோம், மொசைக் தரை. சமையக்கட்டுல அடுப்புக்கு முன்னாடி ஒரு சாக்கை நாலா மடிச்சுப் போட்டு அது மேல நின்னுதான் ருக்குமணி சமைப்பா. ருக்குமணி எம் சம்சாரம். அந்தாளு ஒரு நாள் தண்ணி குடிக்க உள்ள போனவரு, "ஏனுங்கம்மா சாக்கு மேல நிக்கறீங்க?"ன்னு கேட்டிருக்கறாரு. இவளும், "தரை சில்லுன்னு இருக்குதுங்கண்ணா, முட்டி வரைக்கும் கடுக்குது"ன்னு சொல்லியிருக்கறா. அது கால் தொடைக்கற சாக்குன்னு நெனச்சுட்டு இருந்தேனுங்க நானு. கல்யாணம் பண்ணுன நாள்ல இருந்து ஏதோ ஒரு சாக்கு அங்க கெடக்கும். எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாளா? சொல்லலை. கேட்டேன், "ஏண்டி, எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"ன்னு. "நீங்க கேக்கலீங்களே"ங்கறா. பொண்டாட்டி கால் குளுந்திருக்குதான்னு எந்த ஆம்பளை சார் கேப்பான்? நீங்க கேட்டிருக்கறீங்களா? சொல்லுங்க.

பாருங்க, மாடிப்படியைப் பாக்கறீங்க.

அன்னைக்குத்தான் எனக்கு அந்தாளைப் புடிக்காமப் போச்சு. மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லை. எம் பொண்டாட்டி காலைப் பத்தி எனக்கு இன்னொருத்தன் வந்து சொல்றதா?

சரி, எல்லாரும் சேந்து முடிவு பண்ணிட்டாங்க, மூணு பேருக்கு எதிரா ஒருத்தன். சம்மந்தியைச் சேத்தா நாலு. தரை போட அந்தாளே வந்தாரு. கடை மொதலாளி, ஆளை அனுப்பிச்சாப் போதாதா? வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, எம்பட ஹால்ல மண்டி போட்டு உக்காந்து, பலகையைப் பலகையோட சேத்து ஒரு கட்டையை வெச்சுத் தட்டித் தட்டிப் பூட்டறாரு. ருக்குமணி மோர் கரைச்சுக் கொண்டுவந்து குடுக்கறா. கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு. நான் ஒரு சேர்ல உக்காந்து பேப்பர் படிக்கறேன். எனக்கும் மோர் வந்துச்சு, இல்லைங்கலை. அவருக்குக் குடுத்ததுக்கப்புறம் வந்துச்சு.

குடிபோனதும் ருக்குமணி அந்தத் தரையில நடந்தா பாருங்க, நடந்தா. காரியமே இல்லாம ஹாலுக்கும் ரூமுக்கும் நடக்கறா. தரையில காலை நீட்டி உக்காந்து பூக் கட்டறா. சாக்கைத் தூக்கி வெளிய போட்டுட்டா. "எப்படி இருக்குதுங்க, வெதுவெதுன்னு இருக்குதில்லீங்க?"ன்னு எங்கிட்டயே கேக்கறா. நான் உள்ள சாக்ஸ் போட்டுக்கிட்டு நடந்தேன். எனக்கு அந்த வெதுவெதுப்பு வேண்டியதில்லை.

ஆனா சார், தண்ணி படாத வீடு ஒரு வீடா? நீங்களே சொல்லுங்க. வெள்ளிக்கிழமை கழுவக்கூடாது. துணியை நனைச்சு, பிழிஞ்சு, பிழிஞ்சதை இன்னொருக்காப் பிழிஞ்சு, அப்புறம் தொடைக்கோணும். சொம்பு தவறி விழுந்தா வீட்டுல இருக்கற எல்லாரும் தீ புடிச்ச மாதிரி ஓடி வர்றாங்க. எம்பட வீட்டுல ஒரு டம்ளர் தண்ணி குடிக்க நான் பயந்துக்கோணுமா?

அப்புறம் அந்தாளு போயிட்டாரு. ஆமாங்க, செத்துப்போயிட்டாரு. கடையிலயே, நெஞ்சுவலி. ஈரோடு போனேன், மாலை போட்டேன், முறையில ஒரு கொறை வெக்கலை. எல்லாரும் நல்ல மனுசன் நல்ல மனுசன்னாங்க. செத்தவனைக் கெட்டவன்னு யாருங்க சொல்லுவாங்க? பூபதியும் பிருந்தாவும் காரியம் முடியட்டும்னு அங்கயே இருந்துக்கிட்டாங்க. நானும் ருக்குமணியும் அன்னைக்கே திரும்பிட்டோம்.

இப்பச் சொல்லுங்க. எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்தா வீட்டைக் கழுவோணுமா, வேண்டாமா? எங்கம்மா கழுவுனாங்க, எங்க அப்பத்தா கழுவுனாங்க. அடுத்த நாள் காலையில மோட்டாரைப் போட்டேன். காரு கழுவற பைப்பை இழுத்துட்டு உள்ள வந்தேன். ருக்குமணி வாசல்ல நின்னுக்கிட்டு, "பொணம் கெடந்த வீட்டைத்தாங்க கழுவோணும். இது அந்த வீடு இல்லீங்க. நாம வாசல்லயே தண்ணி ஊத்திட்டுத்தான உள்ள வந்தோம்"ங்கறா. எனக்குச் சாங்கியம் சொல்லித் தர்றா! "ஓரமாப் போ"ன்னேன். போகலை. பைப்பைப் புடிச்சா. நான் இழுத்தேன். அவ்வளவுதான், வேற ஒண்ணுமில்லை. கீழ விழுகலை. செவுத்துல சாஞ்சுக்கிட்டா.

மூலை முடுக்கு விடலீங்க. ஹாலு, ரெண்டு ரூமு, சமையக்கட்டு. பக்கெட்டுல மஞ்சளைக் கரைச்சு மேலயும் ஊத்துனேன். குடிபோனதுக்கப்புறம் மொத மொதல்ல அந்த வீட்டுல தண்ணி ஓடற சத்தம் கேக்குது! உண்மையச் சொன்னா நெஞ்சு குளுந்துபோச்சு.

அவ என்ன பண்ணுனா தெரியுங்களா? பீரோவைத் தொறந்து சேலையை எடுத்துப் போடறா. தரையில. ஒண்ணு, ரெண்டுன்னு அத்தனையும் எடுத்துப் போட்டு, ஒத்தி ஒத்தி வாசல்ல கொண்டு போய்ப் பிழியறா. பூபதி கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச் சேலையும் அதுல கெடக்குது. "பைத்தியமாடி உனக்கு?"ன்னேன். அடுத்த சேலையை எடுத்து விரிச்சா. அன்னைக்குப் பகலெல்லாம் மண்டி போட்டு ஒத்துனா. முட்டி வலி இருக்கறவ மண்டி போடலாமா? அதுக்கும் நாந்தான் பதில் சொல்லோணுமா?

பலகை அன்னைக்கு ஒண்ணும் ஆகலை. நான்கூடப் பரவால்லியே, தாங்கிருச்சுன்னு நெனச்சேன். அடுத்த நாள் காலையில பாத்தா, பலகையும் பலகையும் சேர்ற எடமெல்லாம் முட்டிக்கிட்டு நிக்குது. ஹால் முச்சூடும், எண்ணெயில போட்ட அப்பளமாட்டம். நடந்தா கறுக்கு கறுக்குன்னு சத்தம். ஒரு இடத்துல பலகையே எந்திரிச்சு நின்னுக்குச்சு.

காரியம் முடிஞ்சு அவங்க வந்தாங்க. பூபதி வாசல்லயே நின்னுட்டான். பிருந்தா உள்ள வந்தா. தாலிக்கயிறு மட்டும் கெடக்கற கழுத்தும் அழுத மூஞ்சியுமா. மேல முட்டியிருந்த பலகை மேல ரெண்டு கையையும் வெச்சு அமுக்கறா. இங்க அமுக்குனா அங்க தூக்குது. அங்க அமுக்குனா இங்க தூக்குது. அப்புறம் என்னைப் பாத்து, "மாமா, இது எங்கப்பா மண்டி போட்டுப் பூட்டுன தரைங்க மாமா"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. சத்தம்கூடப் போடலை. அப்பனை மாதிரியேதான், மெதுவா.

பூபதி, "ஏனுங்கப்பா இப்படிப் பண்ணுனீங்க?"ன்னான். "எனக்கென்னடா தெரியும், தண்ணி பட்டா உப்பும்னு? சாங்கியத்துக்குக் கழுவுனேன். வீடுன்னா கழுவத்தாஞ் செய்வாங்க"ன்னேன். ஞாயமான பேச்சுத்தானுங்களே? அதுக்கு அவன் அவங்கம்மா மூஞ்சியைப் பாக்கறான். அவ பிழிஞ்சு காயப்போட்ட சேலையை மடிச்சுக்கிட்டு இருக்கறா.

அந்த வாரமே வடவள்ளியில வீடு பாத்துட்டான். போறப்ப அந்தப் புள்ளை ஒரு காரியம் பண்ணுனா பாருங்க. உப்பிப்போன பலகையில ஒண்ணைத் தூக்கிக் காரு டிக்கியில வெச்சுக்கிட்டா. குப்பையை! எதுக்கு அம்மிணின்னு கேட்டேன். திரும்பிக்கூடப் பாக்கலை.

ருக்குமணியா? அவளும் அங்கதானுங்க. சாமான் எடுத்து வெக்க ஒத்தாசைக்குப் போனா. தீவாளிக்கு முந்திப் போனது, பொங்கல் போயிருச்சு, பங்குனியும் வந்துருச்சு. வேலை இருக்கும்போல. போன்ல பேசுவா. "சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா?"ன்னு கேப்பா. நீ எப்ப வர்றேன்னு கேட்டா, "பால் பொங்குதுங்க"ன்னு வெச்சுப்போடுவா. நான் எப்பக் கூப்பிட்டாலும் அங்க பால் பொங்குதுங்க. வருவா. எங்க போயிருவா?

இப்ப வீட்டுல நான் ஒருத்தன். உப்புன பலகையெல்லாம் பேத்து எடுத்தாச்சு, வெறும் சிமெண்டுத் தரை. நடந்தா காலெல்லாம் சிமெண்டுத் தூசி. அதுக்குத்தான் கடைக்கு வந்தேன். அந்த லேமினேட் நல்ல சாமான்னு நெனச்சு வந்தேன்னு எண்ணிக்காதீங்க. அது ஆகாத சாமான்னு எனக்கு ஆரம்பத்துலயே தெரியும். நிரூபிச்சே காட்டியிருக்கறேன்! குடிபோன புதுசுல ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி, யாரும் பாக்காத எடத்துல, தெனமும் காலையில ஒரு சொம்பு தண்ணி ஊத்திக்கிட்டே வந்தேன். ஒரே வாரம். உப்பிக்கிட்டு நிக்குது. உடனே சம்மந்திக்குப் போனைப் போட்டு, "உங்க சீரு லட்சணத்தை வந்து பாருங்க"ன்னேன். வந்தாரு. எப்படித் தண்ணி வந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கலை. சட்டையைக் கழட்டி மாட்டிட்டு, ஃப்ரிட்ஜை நவுத்தி, அந்தப் பலகையை மாத்தி வெச்சாரு. போறப்ப எங் கையைப் புடிச்சுக்கிட்டு, "தண்ணி ஒண்ணுதாங்க சம்மந்தி இதுக்கு ஆகாது. மத்த எல்லாத்தையும் தாங்கிக்கும்"ன்னாரு.

என்னங்க? அப்பத் தெரிஞ்சிருக்குதேங்கறீங்களா?

அது வேறைங்க. அது சோதனை. இது சாங்கியம். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பாதீங்க. படிச்சவராட்டத் தெரியறீங்க, இது புரியலீங்களா? தெரிஞ்சே பண்ணுனேன்னு சொல்றீங்களா? மொதப் பாத்ததுலயே நீங்க பூபதி கட்சின்னு எனக்குத் தெரியும். எல்லாரும் ஒரே கட்சிதான். செத்துப்போனவன் கட்சி. உசுரோட இருக்கறவனுக்குப் பேச ஒரு ஆளு இல்லை.

இருங்க, அந்த டை வர்றாரு.

என்னங்க, இருக்குதா? ஒரே ஒரு லாட்டுத்தான் மிச்சமா? எம்பட வீட்டுக்குச் சரியாப் போகும்ங்கறீங்க. அதே டிசைனு, அதே கலரு. ம்ம். இன்னைக்கே சொல்லிட்டா நாளைக்கே ஆளை அனுப்பிருவீங்களா? நல்லதுங்க. சரி, சரி. பில்லைப் போடறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். இப்பத்தான் எல்லாம் புதுசு புதுசா வருதே, இது தண்ணி ஊத்திக் கழுவுனாத் தாங்குமா? ... பிழிஞ்ச துணியா? அதே பிழிஞ்ச துணியா? நாலு குடம் வேண்டாம், வெள்ளிக்கிழமைக்கு ஒரு குடம்? ஒரு குடம்கூடவா?

அப்ப வேண்டாம். கிரானைட்டுப் போடுங்க. கருப்பு. ஆமா, ஹாலுக்குத்தான். ரூமுக்கும். சமையக்கட்டுக்கும். எல்லாத்துக்கும். என்ன யோசிக்கறீங்க, எங்க வீட்டுத் தரையில நானு நடக்கப் போறனா, நீங்க நடக்கப் போறீங்களா? போய் எழுதுங்க.

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க? தலையில கல்லைப் போட்ட மாதிரி? வருவாங்க. பையன் வாய்ல சொல்லுவான், மனசுல வெச்சுக்க மாட்டான். எம்பட ரத்தம்தானுங்களே. ருக்குமணியும் வந்துருவா. அவளுக்குக் கல்லுத்தரை ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். நானும் ரோசனை பண்ணி வெச்சிருக்கறேன். எம்பட வீட்டுக்குள்ள இதுநாள் வரைக்கும் செருப்பு ஏறுனதில்லை. கவர்னரே வந்தாலும் வாசல்ல கழட்டிப்போட்டுத்தான் வரோணும். ஆனா ருக்குமணிக்கு மட்டும், உள்ள போட்டுக்கறதுக்கு மெத்து மெத்துன்னு ஒரு ஜோடி செருப்பு வாங்கிக் குடுத்தர்றதா முடிவு பண்ணிட்டேன். வேற எந்த ஆம்பளை சார் இவ்வளவு எறங்கி வருவான்? இப்பவே, இந்தக் கடைக்கு எதுத்தாப்புல செருப்புக் கடை இருக்குதுங்க. வாங்கிட்டுப் போய் வடவள்ளியில குடுத்துட்டுத்தான் வீட்டுக்குப் போறேன்.

ஏனுங்க சார், பொம்பளைங்க கால் எத்தனாம் நம்பருங்க இருக்கும்? ருக்குமணி நம்பர் எனக்குத் தெரியாதுங்க. உசரம் வேணா எந் தோளு வரைக்கும் இருப்பா. நீங்க உங்க வீட்டம்மாவைக் கேட்டுச் சொல்லுங்களே. அந்த அளவுக்கு வாங்கிக்கறேன்.